முப்பது மீட்டருக்கு ஒரு துளை

டோக்கியோ
1958 ஜூன் 14

அன்புள்ள தொமியே அக்காவுக்கு,

இங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது. அலுவலகத்துக் காகிதமெல்லாம் நமுத்துப்போய், பேனாவை வைத்தால் மை ஊறுகிறது. உன் ஆரஞ்சு மரங்களுக்கு இந்த மழை போதுமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோஹெய் இன்னும் வளர்கிறானா, அல்லது பத்தொன்பது வயதோடு போதும் என்று நிறுத்திக்கொண்டானா? மசுயோ உங்கள் இருவரையும் விசாரித்தாள்.

பத்திரிகைகளில் 'கனவு ரயில்' என்று எழுதுகிறார்களே, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்தில் பறக்கப்போகிறது என்று, அது நடக்கிற காரியமா, நடந்தால் என்ன செலவாகும் என்று மதிப்பிடும் பிரிவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். எனக்கு வந்த துண்டு குரோமிசு மலை. ஆமாம் அக்கா, உன் கொல்லையில் நின்றால் தெரியும் அதே மலைதான். போர்க்காலத்தில் ஆயிரத்து நூறு மீட்டர் தோண்டிவிட்டுக் கைவிட்ட சுரங்கத்தை அகலப்படுத்தி, அங்கிருந்து மேலே தோண்டி, மொத்தம் ஆறு கிலோமீட்டருக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

பழைய சுரங்கத்தின் பதிவேடுகள் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. உள்ளே தண்ணீர் எங்கே இருந்தது, எப்படி வந்தது என்று சொல்ல ஒரு காகிதம்கூட இல்லை. அத்தான் கடைசி நாட்களில் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? பதினாறு வருடம் கழித்து இதைக் கேட்கிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. முடிந்தால் எழுது. முடியாவிட்டால் நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்.

கோஹெய்யை மலைக்குள் விடமாட்டோம் என்று அத்தானின் அஸ்திக்கு முன்னால் நாம் இருவரும் சொன்னதை நான் மறக்கவில்லை. மார்ச்சில் டிக்கெட் எழுத்தர் தேர்வு வருகிறது. அவனைப் படிக்கச் சொல்.

மழையில் தோட்டத்துச் சரிவில் இறங்காதே.

உன் தம்பி
செய்ஜி


இசோகுரா
1958 ஜூலை 3

தம்பி செய்ஜிக்கு,

என் முழங்காலுக்கு மழை வருவது வானொலிக்கு முன்பே தெரிகிறது, மற்றபடி நலம்தான். கோஹெய் வளர்வதை நிறுத்திவிட்டான், தின்பதை நிறுத்தவில்லை. மசுயோவுக்கு உப்பில் போட்ட பிளம் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கென்று அனுப்பியது, நீ கை வைக்காதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கடிதத்தை இரண்டு வாரம் அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பிறகு, எழுதினால் வேறு யாருக்காவது பிரயோஜனப்படட்டும் என்று எடுத்தேன்.

அந்த வாரம் அவர் சாப்பிடும்போது சொன்னார்: "சுவரு வேர்க்குது தொமியே. தண்ணி வர்றது புதுசில்ல. ஆனா நிறம் மாறுது. நேத்து தெளிவா இருந்துச்சு, இன்னிக்குப் பார்லி தேநீர் மாதிரி இருக்கு." மறுநாள் இன்னும் கறுப்பு என்றார். மேஸ்திரியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன். ராணுவம் தேதி குடுத்திருக்கு, தண்ணியா குடுத்துச்சுன்னு கேக்கிறான்" என்று சிரித்தார். மூன்றாம் நாள் மலை உடைந்தது. பதினோராம் நாள்தான் அவரை எடுத்தார்கள். எந்த இடம் என்று கேட்டால், தோண்டிய முனையிலிருந்து இடப்பக்கம், மேலிருந்து வந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் சோற்றில் சாறு ஊற்றவே மாட்டார், நினைவிருக்கிறதா? மிசோச் சாற்றைத் தனிக் கிண்ணத்தில்தான் குடிப்பார். "சோறுதான் மலை. ஊத்தினா சரியும்" என்பார். சுரங்கம் தோண்டுகிற மலைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வீட்டுக்குள் யாராவது விசிலடித்தாலும் பிடிக்காது, மலையம்மன் திரும்பிப் பார்த்துவிடுவாளாம். கோஹெய் அப்பாவுக்கு நேர் எதிர். சோறு மூழ்க மூழ்கச் சாற்றைக் கவிழ்த்து, உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். திட்டத்தான் செய்கிறேன். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம். இந்த வீட்டில் மலைக்காரன் யாரும் இல்லை என்று அந்தச் சத்தம் தினமும் சொல்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பேனா பிடிக்கிறவனுக்கும் முதுகு என்று ஒன்று இருக்கிறது.

அக்கா
தொமியே


டோக்கியோ
1958 செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் இறங்கிவிட்டது, பூச்சிகள் கத்தத் தொடங்கிவிட்டன. பிளம் வந்து சேர்ந்தது. நான் கை வைக்கவில்லை, வாய்தான் வைத்தேன்.

உன் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டுதான் மூன்று மாதமும் வேலை செய்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல மதிப்பீடு போட்டதில்லை. வெடி வைப்பதற்கு முன்னால் முனையிலிருந்து நீளமாக ஒரு மெல்லிய துளையை முன்னோக்கிப் போடுவது என்று ஒரு முறை இருக்கிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் இருந்தால் அந்தத் துளை வழியே முதலில் ஒழுகும். நிறம் தெரியும், வேகம் தெரியும், ஆட்கள் வெளியே வர நேரம் இருக்கும். குரோமிசு சுரங்கம் முழுவதற்கும் முப்பது மீட்டருக்கு ஒரு துளை என்று எழுதிவிட்டேன். மொத்தம் இருநூறு துளைகள். இதற்கு மட்டுமே நான்கு கோடி யென். பக்கத்தில் அமர்ந்திருப்பவன், "என்னப்பா, மலைக்கு ஊசி வைத்தியமா?" என்று கேலி செய்தான். செய்யட்டும்.

அந்தப் பக்கத்தில் என் முத்திரையை வைத்தபோது அத்தான் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. இனி அந்த மலையில் யாரும் குருட்டுத்தனமாகத் தோண்டப்போவதில்லை. இதைக் கோஹெய்க்கும் படித்துக் காட்டு. அவன் மாமா உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறான் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

குளிர் வருவதற்குள் கூரையைப் பார்த்துவிடு.

தம்பி
செய்ஜி


இசோகுரா
1958 நவம்பர் 9

தம்பிக்கு,

ஆரஞ்சு அறுவடை நடக்கிறது, விரல் எல்லாம் மஞ்சள். இந்தக் காகிதத்தில் கறை இருந்தால் அதுதான். ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அடியில் இருப்பதை முதலில் தின்னுங்கள்.

உன் கடிதத்தைக் கோஹெய்க்குப் படித்துக் காட்டினேன். வாங்கி அவனே இரண்டு தடவை படித்தான். "மாமா இதெல்லாமா பண்றாரு? நான் கூட்டல் போடுறாருன்னுல்ல நினைச்சேன்" என்றான். நான் உன் கடிதத்தை உன் அத்தான் படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்திருந்தேன். எனக்கு அழத் தெரியாது என்று நீ சொல்வாய். அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

நீ எழுதியதை மேலே இருப்பவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள்தானே? தெரியாமல்தான் கேட்கிறேன்.

மசுயோவிடம் கனமானதைத் தூக்கவேண்டாம் என்று சொல். அவள் எழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

தொமியே


டோக்கியோ
1959 ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உங்கள் இருவருக்கும் நல்லதாக அமையட்டும். ஆரஞ்சு இனிப்பு. பதில் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ ஊகித்தது சரி, ஜூனில் குழந்தை. மசுயோ அரிசி வேகும் வாசனைக்கே வெளியே ஓடுகிறாள்.

திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. பேப்பரில் பார்த்திருப்பாய். அதற்கு முந்திய மாதம் எங்களுக்கெல்லாம் நரகம். எல்லாத் துண்டுகளையும் கூட்டிப் பார்த்தால் தொகை மேலிடம் கிழித்த கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. எங்கள் துறைத் தலைவர் இகுசாவா எல்லோரையும் கூப்பிட்டு, "முதல்ல ஆரம்பிச்சுடணும். ஆரம்பிச்சுட்டா பாதி வழியில எவனும் நிறுத்தமாட்டான், மீதிப் பணம் தானா வரும். இப்ப நிஜத்தைச் சொன்னா ரயிலே கிடையாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. பசித்த நாட்டுக்கு ஒரு ரயில் வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறவர். எல்லோருடைய அட்டவணையிலும் அங்கங்கே கத்தரி பட்டது. யாரும் தப்பவில்லை.

விருந்து நடந்தது. எனக்கு ஒரு படி உயர்வும் கிடைத்தது. நான் இரண்டு கோப்பை குடித்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றுகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ரயிலில் போகும்போது சுரங்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். சின்னப் பிள்ளை மாதிரி என்று மசுயோ சிரிக்கிறாள்.

கோஹெய் தேர்வுக்குப் படிக்கிறானா? அதை மட்டும் விடாதே. விண்ணப்பத்தாள் இத்துடன் இருக்கிறது. உனக்கு ஒரு கம்பளிச் சால்வையும் அனுப்பியிருக்கிறேன்.

செய்ஜி


இசோகுரா
1959 ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

நீத்தாரை அழைக்கும் விளக்கை ஏற்றி, உன் அத்தானை வரவேற்று, திரும்ப வழியனுப்பியும் ஆகிவிட்டது. உனக்குப் பெண் பிறந்த செய்தி வந்த அன்றே கோயிலுக்குப் போய்வந்தேன். தாயும் சேயும் நன்றாக இருக்கட்டும். ஏழு மாதமாக நான் எழுதவில்லை என்று நீ கோபித்துக்கொண்டிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் பொய் எழுத வேண்டியிருந்தது, அதனால் உட்காரவில்லை.

கோஹெய் தேர்வில் தேறவில்லை. மே மாதத்திலிருந்து ஆரஞ்சுச் சங்கத்து லாரியில் வேலை, அங்கேயே தங்கல் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்தப் பண்டிகைக்கு மூன்று நாள் வந்தான். முதல் நாள் சோறு போட்டு, வழக்கம்போலச் சாற்றை மேலே ஊற்றப்போனேன். சட்டென்று கையை நீட்டிக் கிண்ணத்தை மூடினான். சூடான சாறு அவன் கையில் கொட்டியது. "தனியா குடும்மா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலமாரியின் அடியிலிருந்து அவன் அப்பாவின் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, சாற்றை அதில் ஊற்றி வைத்தேன். குடித்தான். மூன்று நாளும் அப்படித்தான். உறிஞ்சும் சத்தமே இல்லை.

புறப்படுகிற அன்று பேருந்துக்கு நிற்கும்போது அவனே சொன்னான். "ஏம்மா இப்படிப் பாக்கிற? மாமா கணக்குப் போட்ட சுரங்கம்மா இது. முப்பது மீட்டருக்கு ஒரு துளை. தண்ணி எங்க இருக்குன்னு முதல்லயே தெரிஞ்சுடும். அப்பா காலத்து வேலை இல்ல." சட்டையைத் திறந்து காட்டினான். கழுத்தில் கட்டியிருக்கும் தாயத்துப் பைக்குள் உன் செப்டம்பர் மாதக் கடிதம் மடித்து இருந்தது. என் மேசையிலிருந்து எப்போது எடுத்தானோ.

அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் விட்டேன். நாம் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. என்னைத் திட்டி எழுது.

தொமியே


டோக்கியோ
1959 ஆகஸ்ட் 24

அக்கா,

குசலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை, பொறுத்துக்கொள்.

கோஹெய்யை உடனே வெளியே கொண்டுவா. இன்றே ஆள் அனுப்பு. காரணம் கேட்காதே. உனக்கு நெஞ்சுவலி என்று சொல், தோட்டம் சரிந்துவிட்டது என்று சொல், எனக்கு உடம்பு முடியவில்லை, மாமனைப் பார்க்க டோக்கியோவுக்கு வா என்று சொல். எந்தப் பொய்யானாலும் சரி, பாவம் என் தலையில். டோக்கியோவில் நான் வேலை வாங்கித் தருகிறேன், துடைப்பம் பிடிக்கிற வேலையானாலும்.

அகலப்படுத்துகிற வரை ஆபத்தில்லை. பழைய முனைக்குப் போவதற்கு முன்னால் அவன் வெளியே இருக்கவேண்டும். இதை மட்டும் கேள்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

செய்ஜி


இசோகுரா
1959 அக்டோபர் 30

தம்பிக்கு,

போன மாதப் புயலில் பதினெட்டு மரம் சாய்ந்தது. கூரை தப்பித்தது. குழந்தை குப்புற விழுகிறாளா?

நீ எழுதியதும் ஆள் அனுப்பினேன். தோட்டம் சரிந்தது என்று சொல்லச் சொன்னேன். புயலுக்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், சரிந்த மரங்களை நிமிர்த்திக் கட்டினான், திரும்பப் போய்விட்டான். "மாமா ஏம்மா பயப்படுறாரு? அவருதான பயப்படாம இருக்க வழி பண்ணினாரு?" என்று கேட்கிறான். விடுதியில் உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறானாம். அங்கே உனக்கு 'துளை மாமா' என்று பெயர்.

ஆனால் துளை போடும் இயந்திரம் இன்னும் வரவில்லை. அடுத்த மாதக் கடைசியில் பழைய முனையைத் தொட்டுவிடுவார்களாம். கோஹெய் மேஸ்திரியிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் பைண்டு போட்ட புத்தகத்தைத் திறந்து காட்டி, "தேவைப்படும் இடத்தில் மட்டும்னு போட்டிருக்குடா" என்றாராம். "தேவைன்னு யாரு சொல்றது?" என்று இவன் கேட்க, "என்னைக் கேட்டா? மீட்டர் கணக்குலதான் எனக்குச் சம்பளம். டோக்கியோல கேளு" என்று புத்தகத்தை மூடிவிட்டாராம். கோஹெய் நம்பவில்லை. எழுதியவர்கள் காப்பி எடுக்கும்போது தப்பு செய்திருப்பார்கள், மாமாவிடம் சொன்னால் சரிசெய்துவிடுவார் என்கிறான்.

நான் சுரங்கம் தொடங்கும் மலைவாய்க்குப் போனேன். பெண் காலடி பட்டால் மலையம்மனுக்குப் பொறாமை என்று, அங்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். அங்கே நின்றே பார்த்தேன். சுரங்கத்துக்குள்ளிருந்து ஓடையில் வரும் தண்ணீர் இப்போதைக்குத் தெளிவாக இருக்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நடக்க ஒன்றரை மணி நேரம்.

நவம்பரில் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். ஜனவரியில் நீ அதற்குப் பதில் எழுதவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போது நேராகக் கேட்கிறேன். 'தேவைப்படும் இடத்தில் மட்டும்'. இந்த மூன்று வார்த்தையை எழுதியது யார்?

தொமியே


டோக்கியோ
1959 நவம்பர் 18

அக்கா,

நான்தான்.

போன வருடம் டிசம்பர் இரண்டாம் தேதி, இகுசாவா என்னை அழைத்து எதிரே உட்கார வைத்தார். "ஒரு துளைக்கு ரெண்டு நாள். இருநூறு துளை. ரெண்டு வாயிலயும் சேத்து நானூறு நாள். நாலு கோடியை விடு, நானூறு நாளை யாரு குடுப்பா?" என்றார். பழைய சுரங்கத்தில் நடந்ததைச் சொன்னேன். ஆதாரம் கேட்டார். என் அக்கா எழுதிய கடிதம் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரிப்பார்களோ என்று பயந்தேன். "முப்பது மீட்டருக்கு ஒன்று" என்பதை அடித்துவிட்டு அந்த மூன்று வார்த்தையை எழுதினேன். புதிய பக்கத்திலும் என் முத்திரைதான் இருக்கிறது.

அது மட்டும் இல்லை. மதிப்பீட்டில் நாற்பத்தொன்றாவது வரி என்று ஒன்று உண்டு. சுரங்கம் தோண்டினால் எத்தனை பேர் சாவார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று முன்கூட்டியே போடுகிற வரி. பழைய சுரங்கங்களில் கிலோமீட்டருக்கு எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்துப் பெருக்குவோம். எல்லா மதிப்பீட்டிலும் இருக்கிறது, இத்தனை வருடம் கை நடுங்காமல் போட்டிருக்கிறேன். குரோமிசுவுக்கு ஏழு என்று வந்தது. "ஏழா? அஞ்சு போடு" என்றார். போட்டேன். துளைகளை எடுத்துவிட்டு, சாவையும் குறைத்தேன். எனக்கு மேலே ஒரு தலை, வீட்டில் ஒரு வயிறு, இரண்டையும் நினைத்துக்கொண்டு போட்டேன்.

ஜனவரியில் உனக்கு எழுதும்போது இதைச் சொல்ல நான்கு தடவை காகிதத்தைக் கிழித்தேன். செப்டம்பர் கடிதத்தை நீ படத்துக்கு முன்னால் வைத்தேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்? அந்தக் கடிதத்தை நம்பி அவன் உள்ளே போவான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் காரணம் சொல்லாமல், கூட்டிவா என்று மட்டும் எழுதினேன். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம், உன் முகத்தில் இனி விழிக்க முடியாதே என்று அதைவிடப் பயம்.

இத்துடன் என் முதல் பக்கம் இருக்கிறது, முப்பது மீட்டருக்கு ஒரு துளை என்று எழுதி முத்திரை வைத்தது. அலுவலக அலமாரியிலிருந்து எடுத்தேன். இது திருட்டு. கோஹெய்யிடம் கொடுத்து மேஸ்திரியிடம் காட்டச் சொல். பழைய முனையைத் தொடுவதற்கு முன் காட்டவேண்டும். அந்தத் தாளில் இருப்பது யார் முத்திரை என்று கேட்டால் பெயரைச் சொல்லலாம்.

செய்ஜி


இசோகுரா
1959 டிசம்பர் 5

செய்ஜிக்கு,

குளிர் வந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன். கோஹெய்யும் இருக்கிறான்.

நவம்பர் 27ஆம் தேதி ஓடையில் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. மறுநாள் பார்லி தேநீர் நிறம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். "தெரியும்மா, எழுதி வச்சிருக்கோம்" என்றார்கள். நீ ஆகஸ்டில் சொல்லித்தந்த பொய்யைக் கையில் எடுத்தேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி, பிழைப்பது கஷ்டம் என்று அரிசிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். 29ஆம் தேதி காலையில் ஓடிவந்தான். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். "இதுக்கா வந்தேன்?" என்று கத்தினான். பிறகு பசி, உட்கார்ந்துவிட்டான். தனிக் கிண்ணத்தில் சாறு ஊற்றும்போது மலையில் ஆபத்துச் சங்கு ஊதியது.

இரண்டு பேர். ஓகுமுரா என்பவருக்கு மூன்று பிள்ளைகள். இன்னொருவன் தெத்சுயா, இருபது வயது. கோஹெய் வீட்டுக்கு வந்ததால் அவனுடைய முறைக்கு உள்ளே போனவன். அவன் அம்மா வடக்கிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தாள். நான்தான் அவளுக்குச் சோறு போட்டேன். என் பொய்யைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. உள்ளே நவம்பர் 18 என்று தேதி இருக்கிறது. உறையின் மேல் தபால் முத்திரை நவம்பர் 30. பன்னிரண்டு நாள் உன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. பேப்பரில் செய்தி பார்த்த பிறகுதானே பெட்டியில் போட்டாய்? தந்தி என்று ஒன்று இருக்கிறது செய்ஜி. இரண்டு வார்த்தை போதும்.

உன் பக்கத்தைக் கோஹெய்யிடம் கொடுத்தேன். படித்தான், உன் கடிதத்தையும் படித்தான். தாயத்துப் பையிலிருந்து செப்டம்பர் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டான். பக்கத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். நேற்று முழுவதும் ஒருவரும் உள்ளே இறங்காமல் மலைவாயில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் துளை இயந்திரம் வந்தது. எங்கேயோ பக்கத்திலேயே இருந்திருக்கிறது. உன் பக்கத்தை விடுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். டோக்கியோவிலிருந்து வந்த இரண்டு பேர் முத்திரையைப் பார்த்து உன் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். எப்படியும் உன்னிடம் வருவார்கள்.

கோஹெய் இன்று காலை திரும்ப உள்ளே போனான். தெத்சுயாவின் இடம் காலியாக இருக்கிறதாம், அதில் வேறு எவனையும் நிற்க விடமாட்டானாம். தடுக்க எனக்கு எந்தப் பொய்யும் மிச்சமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வரியில் ஐந்து என்று எழுதினாய். இரண்டு போய்விட்டது. மீதி மூன்றா, அல்லது மறுபடியும் முதலிலிருந்தா? நீ கணக்குக்காரன். பதில் எழுது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதே.

தொமியே


டோக்கியோ
1959 டிசம்பர் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. அஞ்சலகத்து மேசையிலேயே நின்று பதில் எழுதுகிறேன்.

ஆமாம், செய்தி பார்த்த பிறகுதான் போட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: மூன்று இல்லை. அந்த எண்ணுக்குக் கழிக்கத் தெரியாது. தோண்டவேண்டிய தூரம் இன்னும் நாலே முக்கால் கிலோமீட்டர் இருக்கிறது. முதலில் நான் போட்ட நேர்மையான கணக்குப்படியே பார்த்தாலும் இன்னும் ஐந்தாறு பேர். ஆனால் அது துளை போடாத சுரங்கங்களில் எடுத்த கணக்கு. முப்பது மீட்டருக்கு ஒன்று போட்டால் எத்தனை என்று யாரும் இதுவரை எழுதி வைத்ததில்லை. அதனால் எனக்குத் தெரியாது அக்கா. தெரியாது என்று நான் எழுதும் முதல் மதிப்பீடு இது.

அவர்கள் வந்தார்கள். அந்தப் பக்கத்தை நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். விஷயம் வெளியே போகவேண்டாம் என்று இகுசாவா என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. "அவ்வளவு அக்கறை இருந்தா நீயே போய் உள்ள நில்லு" என்றார். கோபத்தில்தான் சொன்னார். சரி என்று அப்போதே மனு எழுதிக் கொடுத்தேன், ஒரு நிமிடம் தாமதித்தாலும் மாற்றிக்கொள்வேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும். ஒவ்வொரு துளையின் தண்ணீரையும் பார்த்து, நிறத்தை எழுதி, அடுத்த வெடி வைக்கலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுகிற வேலை. முனையில் நின்றுதான் போடவேண்டும். மசுயோ நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. குழந்தையோடு அவள் வசந்தம் வரை இங்கே இருப்பாள்.

ரயிலில் கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். கோஹெய் என்னோடு பேசமாட்டான் என்றும் தெரியும். பேசவேண்டாம், பக்கத்தில் நிற்க விட்டால் போதும்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வருகிறேன். வேறு எதுவும் செய்யவேண்டாம், சோறு போதும். சாற்றை எனக்கும் தனிக் கிண்ணத்தில் ஊற்று.

செய்ஜி